கவனிக்க வேண்டிய ஏழு குதிரைகள்

பிப்ரவரி 24

மருந்துக் கம்பெனிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எழுதக் காரணம் மாஞ்சுவின் கால்.

கிண்டியில் நஞ்சப்பா சாரின் லாயத்தில் நான் கட்டுப் போடுகிறவன். இருபத்து நான்கு பந்தயக் குதிரைகள். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், மற்ற நாளெல்லாம் தொண்ணூற்றாறு கால்களும் என் பொறுப்பு. காலையில் ஒவ்வொரு காலிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் வைத்துப் பார்ப்பது போலத்தான், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

மாஞ்சுவின் இடது முன்காலில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கத்து நரம்பு நாலு நாளாகச் சூடாக இருக்கிறது. ரேஸ் புத்தகத்தில் அவள் பெயர் லேட் மான்சூன். குதிரைக்காரர்கள் வாயில் மாஞ்சு. மூன்று வயது, நல்ல ஓட்டக்காரி. சாரிடம் சொன்னேன். அவரும் தொட்டுப் பார்த்து, நாலு மாதம் ஓய்வு கொடுத்துவிடலாம், ஊட்டிப் பந்தய சீசனுக்கு வேண்டாம் என்றார். நல்ல மனிதர். நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 25, வெள்ளி

மருந்தறைக்குள் ஸ்டூல் மேல் ஒரு சிலேட்டுப் பலகை வைத்திருக்கிறேன். தலைப்பு என்றைக்கும் ஒன்றுதான்: ‘கவனிக்க’. அதன் கீழே அன்றைக்கு உடம்பு சரியில்லாத குதிரைகளின் பெயர்கள். என்ன நோவு என்று எழுதக் கூடாது, வெளி ஆள் படித்தால் லாயத்துக்குக் கெட்ட பெயர் என்பது சாரின் உத்தரவு. அவருக்குக் குடகு. தமிழ் பேசுவார், படிக்க வராது. குதிரைக்காரர்கள் பலகையைத் திருப்பிப் பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து விவரம் கேட்பார்கள்.

இன்றைக்கு ஏழு பெயர். முதலில் லேட் மான்சூன். பிறகு வயிறு உப்பியது ஒன்று, குளம்பு வெடித்தது ஒன்று, இப்படிப் போய்க் கடைசியில் முத்து, இருமல். முத்து பந்தயக் குதிரை இல்லை. மற்றக் குதிரைகளை மைதானத்துக்கு முன்னால் அழைத்துப் போகிற பதினாலு வயது மட்டக்குதிரை.

குணசீலன் வந்தார். ‘குளம்படி’ என்று வாரா வாரம் நாலு பக்கத்தில் ரேஸ் கணிப்புப் போடுகிறவர். வெளி ஆட்கள் லாயத்துக்குள் வரக் கூடாதுதான். அவர் வருவது டீ குடிக்க. ஊட்டிக்கு எதெல்லாம் தேறும் என்று கேட்டார். நான் கட்டுப் போடுகிறவன், எனக்கென்ன தெரியும் என்றேன்.

“உங்க கை படாத குதிரை இந்த லாயத்துல ஏது தலைவரே?” என்றார்.

அது உண்மை. பதினொரு வருஷமாக இங்கே இருக்கிறேன். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் பற்றுக்குக் களிமண் குழைத்துக்கொண்டிருந்தேன். அவர் நின்றுகொண்டு டீயைக் குடித்தார். பலகை வெளிச்சத்தில் இருந்தது.

மார்ச் 3

‘குளம்படி’ வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: ‘ஊட்டி சீசனில் கவனிக்க வேண்டிய ஏழு குதிரைகள்’. என் பலகையிலிருந்த ஏழு பெயர்களும் அதே வரிசையில்.

முத்துவும் இருக்கிறான். ‘முத்து: வம்சம் தெரியாத புதுமுகம். லாயம் மூச்சு விடாமல் மறைக்கிறது.’ மாஞ்சுவின் குதிரைக்காரன் காதர் இதை உரக்கப் படித்தபோது லாயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முத்து அந்த நேரம் பார்த்து இருமினான். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

‘லேட் மான்சூன்: ஏழில் முதல். கண்ணை மூடிக்கொண்டு பின்தொடரலாம்.’ கடைசியில் ஒரு வரி: ‘தகவல் உதவி: குதிரையின் நாடி அறிந்த கைராசிக்காரர் ஒருவர்.’

அந்தப் பக்கத்தை வெட்டி டைரியில் வைத்திருக்கிறேன். நாளைக்கு ஏதாவது வந்தால் காட்ட வேண்டுமே.

மார்ச் 4, வெள்ளி

குணசீலன் வரவில்லை. டீ இரண்டு கிளாஸ் வாங்கியிருந்தேன். ஒன்றைக் காதருக்குக் கொடுத்தேன்.

மார்ச் 9

சிரிப்பெல்லாம் முடிந்தது.

மாஞ்சுவின் முதலாளி ரங்கராஜுலு, கோயம்புத்தூரில் பம்பு செட் செய்கிறவர், சாருக்குப் போன் செய்திருக்கிறார். அவருடைய மைத்துனர் ‘குளம்படி’யை வாங்கிக் கொடுத்தாராம். ஊரெல்லாம் என் குதிரையைக் கவனிக்கச் சொல்கிறது, நீங்கள் ஓய்வு கொடுக்கிறேன் என்கிறீர்களே என்று கேட்டிருக்கிறார். ஊட்டியில் வீடு எடுத்தாகிவிட்டது, குடும்பத்தோடு வருகிறாராம். சார் ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு வெளியே வந்தார். மாஞ்சுவை ஊட்டி லாரியில் சேர்க்கச் சொன்னார்.

நான் அப்போது அவள் காலில் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ‘சார், அது நோவுப் பட்டியல்’ என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஆளை உள்ளே விட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும். கட்டு முடிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 11, வெள்ளி

குணசீலன் வந்தார், கையில் மல்லிகைப் பூவும் ஸ்வீட் பாக்கெட்டும். பத்திரிகை இரண்டாம் முறை அச்சடித்ததாம்.

உட்கார வைத்து விவரமாகச் சொன்னேன். கவனிக்க என்றால் பார்த்துக்கொள்ள என்று அர்த்தம், பின்தொடர என்று இல்லை, அந்த ஏழும் சீக்குக் குதிரைகள், மாஞ்சுவுக்குக் கால் நரம்பில் சூடு, அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். அவர் முகம் முதலில் வெளுத்தது. பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு வந்தது.

“இதுக்கு மேல நீங்க சொல்லவே வேணாம் தலைவரே. எனக்குப் புரிஞ்சிடுச்சு.”

என்ன புரிந்தது என்று கேட்டேன். கண்ணடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 17

புதிய ‘குளம்படி’: ‘லேட் மான்சூனுக்குக் கால் வலி என்று லாயத்துக்குள்ளிருந்தே கதை கிளப்புகிறார்கள். பொது ஜனத்தை விரட்டிவிட்டு நல்ல விலைக்குத் தாங்களே பணம் கட்டுவதற்கான பழைய தந்திரம். நம் வாசகர்கள் ஏமாற மாட்டார்கள். முன்பு ஒரு கண் வைத்தவர்கள் இப்போது இரண்டு கண்ணும் வைக்கவும்.’

ஒரு மனிதன் உண்மை சொன்னால் அதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார்கள்!

மார்ச் 18

குணசீலன் வந்தபோது மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ரொம்ப நேரம் நின்றார்.

மார்ச் 21

இன்று சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு நாள் பிந்தி. பலகையைக் கொண்டுபோய் அவர் மேஜை மேல் வைத்தேன். அந்தத் தலைப்பை விரலால் தொட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இரண்டு அர்த்தத்தையும் சொன்னேன். பிறகுதான் கோபம் வந்தது. வெளி ஆளை உள்ளே விட்டதற்கு அப்போதே வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் ஊட்டிக்கு வேறு ஆள் கிடையாது, சீசன் முடிந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

மாஞ்சுவைப் பற்றி ஒன்று சொன்னார். வியாழக்கிழமை டாக்டர் வருகிறார்; ஓய்வுதானே என்று இதுவரை அவரிடம் காட்டாத காலை இந்த முறை காட்டலாம். காலில் சூடு இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னால் போதும், அதை வைத்து முதலாளியைத் தடுத்துவிடலாம். டாக்டர் சொல்லாமல் கட்டுக்காரன் சொன்னான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நியாயம்தான். வியாழன் வரட்டும்.

மார்ச் 23

ஒரு மாதமாகத் தினம் மாலை அந்தக் காலுக்குக் குளிர்ந்த களிமண் பற்று. காலையில் ஐஸ் தண்ணீர். சூடு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. உள்ளே நரம்பு ஆறவில்லை. தொட்டால் எனக்குத் தெரியும், ஆனால் நாளைக்கு வருகிற டாக்டர் கைக்குத் தெரியுமா? இன்று மட்டும் பற்றுப் போடாமல் விட்டால் காலையில் நன்றாகச் சூடு ஏறியிருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. அப்படியே செய்வது என்று மதியமே முடிவு செய்துவிட்டேன். காதரிடமும் சொன்னேன். சரிண்ணே என்றான்.

மாலை ஆறு மணிக்கு லாயத்தின் வழியாகச் சும்மா நடந்தேன். மாஞ்சு என் செருப்புச் சத்தத்தைக் கேட்டதும் வழக்கம்போல அந்தக் காலைத் தூக்கிக் காட்டினாள். நான் கடந்து போனேன். திரும்பி வந்தேன். இன்னும் தூக்கிக்கொண்டே நின்றாள்.

பற்றுப் போட்டுவிட்டேன்.

மார்ச் 24

டாக்டர் தொட்டுப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. “பச்சைத் தண்ணியா இருக்கு கால். நல்லாப் பார்த்திருக்கீங்க மாசிலாமணி” என்று என் தோளில் தட்டினார்.

ஏப்ரல் 2

ஊட்டி. மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதிலிருந்து லாரியில் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தேன். ஒன்றுவிட்டு ஒரு வளைவில் எடையெல்லாம் இடது பக்கம் சாய்கிறது. என் தோளை முட்டுக்கொடுத்தேன். நானூற்றைம்பது கிலோவுக்கு என் தோள் எம்மாத்திரம்.

ஏப்ரல் 10

குளிர் நல்லது. குழாயில் வருகிற தண்ணீரே ஐஸ் மாதிரி இருக்கிறது. இன்று சூடே இல்லை. ஒருவேளை நான்தான் ரொம்பப் பயந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. காதர் ஸ்வெட்டர் வாங்கினான், சிவப்பு.

ஏப்ரல் 24, ஞாயிறு

மாஞ்சு ஜெயித்துவிட்டாள். மூன்று குதிரை நீளம்.

நேர் பாதைக்குத் திரும்பும்போது ஐந்தாவதாக இருந்தாள். அதற்குப் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியதுதான் காதில் விழுந்தது. காதர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இப்படி ஒரு குதிரை ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் இருக்கும்.

முதலாளி குடும்பத்தோடு லாயத்துக்கு வந்தார். “பேப்பர்ல போட்டப்பவே சொன்னனுங்க, இது நம்ம ராசின்னு” என்று எல்லோரிடமும் சொன்னார். எனக்குச் சால்வை போர்த்தினார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, “ஐயா, அந்தக் கால்…” என்று வாயைத் திறந்தேன். அவர் ஒரு லட்டை வாயில் வைத்துவிட்டார். அதை மென்று விழுங்குவதற்குள் கார் ஏறிவிட்டார்கள்.

மாலை கட்டைப் பிரித்தேன். கால் கொதிக்கிறது.

ஏப்ரல் 25

சாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து தொட வைத்தேன். தொட்டார். ஓடின காலில் மறுநாள் கொஞ்சம் சூடு இருக்காதா என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மே 15 பெரிய பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டதாம்.

மே 6

களிமண், ஐஸ் தண்ணீர், கட்டு. களிமண், ஐஸ் தண்ணீர், கட்டு. நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறேனோ அவ்வளவுக்கு அவள் ஓடத் தயாராகிறாள். வேறு என்னதான் செய்வது, தெரியவில்லை.

குணசீலன் ஊட்டிக்கே வந்திருக்கிறார். மார்க்கெட் அருகே பார்த்தேன். கும்பிட்டார். நான் கேரட் வாங்குவது போலத் திரும்பிக்கொண்டேன்.

மே 15

நானூறு மீட்டர் இருக்கும்போது முன்னால் வந்தாள். இருநூறில் தலை ஒரு தடவை கீழே போய் வந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் ‘போச்சு’ என்றேன். மூன்று காலில்தான் அதற்குப் பிறகு ஓடினாள், நிற்கவில்லை, நாலாவதாக வந்து சேர்ந்தாள். ஜாக்கி குதித்து இறங்கி அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

நரம்பு அறுந்துவிட்டது. கணுக்கால் தரையைத் தொடுகிறது.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, அந்த நிலையிலும், அந்தக் காலைத் தூக்கப் பார்த்தாள்.

மே 16

காதர் என்னோடு பேசவில்லை. மாலையில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“பலகை எப்பவும் செவுத்தப் பாத்துதானே இருக்கும். அன்னிக்கு மட்டும் யாருண்ணே திருப்புனது?”

களிமண் குழைக்க வெளிச்சத்துக்காக நகர்த்தியிருப்பேன் என்றேன். களிமண்ணைப் பதினொரு வருஷமாக வாசலில் உட்கார்ந்துதான் குழைக்கிறேன். அது அவனுக்கும் தெரியும்.

மே 17

திருப்பியது நான்தான். எதற்கு என்று இதில் எழுத வேண்டாம்.

மே 29

உயிருக்கு ஒன்றுமில்லை. நடக்கிறாள், தாங்கித் தாங்கி. இனி பந்தயம் கிடையாது. குட்டி போடுவதற்கு எந்தப் பண்ணையாவது எடுத்துக்கொள்ளுமா என்று சார் நாலு இடத்தில் போன் செய்தார். பெரிய வம்சம் இல்லை, வேண்டாம் என்றுவிட்டார்கள். முதலாளி குடும்பம் பந்தயத்தன்று இரவே கோயம்புத்தூர் போய்விட்டது. பிறகு ஒருநாள் போனில், சிரமப்படாத இடமாகப் பார்த்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாராம். அவர் குரல் கம்மியிருந்தது என்றும் சார் சொன்னார்.

இன்று காலை நான் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டி வைத்திருந்த கயிறு மட்டும் இருக்கிறது. யார் என்று காதருக்கும் தெரியவில்லை. உள்ளூர் ஆள்தானாம்.

ஜூன் 5

ஏரிக்கரை. அங்கேதான் இருக்கிறாள்.

புதுசாகக் கல்யாணமானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றி ஒரு ரவுண்டு சுற்றிக்காட்டுகிற குதிரைகள் அங்கே வரிசையாக நிற்கும். இன்று ஞாயிறு, நிற்க இடமில்லாத கூட்டம். நாலாவதாக நின்றாள். நெற்றியில் ரோஸ் நிறக் குஞ்சம், கழுத்தில் பிளாஸ்டிக் பூ. முதுகில் ஒரு தடித்த மனிதர், மடியில் பெண் குழந்தை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கட்டும் என்று காத்திருந்தேன். கிட்டே போனேன். செருப்புச் சத்தம் அந்தச் சந்தடியில் எங்கே கேட்கப் போகிறது? கேட்டிருக்கிறது. காலைத் தூக்கினாள்.

என் கையில் களிமண் இல்லை, துணி இல்லை, ஒன்றுமே இல்லை. அழுதேன். குதிரைக்காரருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும், பெயர் அன்வர். ரவுண்டு போறீங்களாண்ணே என்று கேட்டார். போகிறேன் என்று காசைக் கொடுத்தேன். ஏறவில்லை. ஒரு ரவுண்டுக்கு ஆகிற நேரம் அவளைச் சும்மா நிற்கவைத்து, கூட நின்றேன்.

ஜூன் 6

மூன்று ரவுண்டு நின்றோம்.

ஜூன் 9

இன்று துணியும் களிமண்ணும் கொண்டுபோய்க் கட்டுப் போட்டேன். அன்வர் தடுக்கவில்லை. கட்டோடு இருந்தால் யாரும் ஏறமாட்டார்கள் என்று நான் கிளம்பிய பிறகு அவிழ்த்துவிடுவார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. அவருக்கு நாலு பிள்ளைகள்.

குணசீலன் லாயத்து வாசலுக்கு வந்தார். நவம்பர் சீசனுக்கு இப்போதே ஒரு பட்டியல் வேண்டுமாம். லேட் மான்சூன் முதல் பந்தயம் ஜெயித்ததே, வாக்குப் பலித்ததே என்கிறார். நான் பதிலே சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொண்டு போனார்.

ஜூன் 11, சனி

லாரிகள் இரண்டு மணிக்குக் கிளம்புகின்றன. சென்னைக்குப் போனதும் என் வேலையைப் பற்றிச் சார் பேசுவார். பேசட்டும்.

பன்னிரண்டு மணிக்கு ஏரிக்குப் போனேன். நான் போன பிறகும் நினைவிருக்கட்டும் என்று அன்வரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க நினைத்தேன். படிப்பீர்களா என்றேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்றார். பென்சிலை எடுத்து ‘இடது முன்கால்’ என்று எழுதினேன். அடுத்த வார்த்தைக்குக் கை தானாகவே போய், ‘க’ போட்டுவிட்டு நின்றுவிட்டது. பதினொரு வருஷம் எழுதிய வார்த்தை. அடித்துவிட்டு, ‘வலிக்கிறது’ என்று எழுதினேன்.

அன்வர் வாயை அசைத்து அசைத்துப் படித்தார். நிமிர்ந்தார்.

“எந்த எடத்துலண்ணே?”

பிப்ரவரியிலிருந்து இதை ஒருவரும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து, திருப்பி, புறங்கையை அந்த இடத்தில் வைத்தேன். மாஞ்சு காலைக் கொடுத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அவர் கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

“ஆமாண்ணே. கொதிக்குது,” என்றார். பிறகு ஏரிப்பக்கம் பார்த்தார். “நாளைக்கு ஞாயித்துக்கெழம.”